ஐம்பது சொற்களுக்குள்

ஆளுக்கில்லை, அணிக்கு ஒரு கோடி குரோனா.
அதில் ஒற்றைக் குரோனாகூட நிஜமில்லை.
ஸ்டெய்ன்வோர் டீச்சர் திரையில் பூஜ்யங்களை எண்ணிக் காட்ட
பின்பெஞ்சில் எவனோ விசிலடித்தான்.
ஜன்னலுக்கு வெளியே காலை பத்து மணி இருட்டு.

பெயர் வைத்தது பார்தூர்: கல்கடியன்கள்.
எங்கள் ஃபியோர்டில் பிடிபடும் மீன் அது,
முகத்தைப் பார்த்தால் சாப்பாடு இறங்காது.
அம்மா லைனில் நின்று
நாள் முழுக்க அதற்குத்தான் முள் பார்க்கிறாள்.

முதல் வாரம் விமானக் கம்பெனி வாங்கினோம்.
தெற்கே எரிமலை புகைந்தது.
இரண்டாம் வாரம், ஹ்ராப்ன்ஹில்டூரின் மாமா சொன்னாரென்று
ஒரு மருந்துக் கம்பெனி.
மாமா தன் பங்கை முன்பே விற்றிருந்தார்,
அதை மட்டும் சொல்லவில்லை.
நாடு முழுக்க அறுபத்திரண்டு அணி. நாங்கள் ஐம்பத்தெட்டு.
ஏட்டுச் சுரைக்காய்தான் என்றாலும்
அழுகும்போது நாறத்தான் செய்தது.

மூன்றாம் வாரம், செவ்வாய் இரவு,
அம்மா ஒரு தாளோடு என் அறைக்கு வந்தாள்.
ஃபோர்மன் கொடுத்தனுப்பியது.
நாற்பது பேருக்கும் போலிஷில் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள்,
அதுவரை யாரிடமும் மூச்சு விடக் கூடாது.
ஐஸ்லாந்து மொழி அவளுக்கு
லைனில் நிற்கும் அளவுக்கு வரும்,
கடிதம் பேசும் மொழி வராது.
"கிங்கா, இந்தச் சொல் என்ன?"

விரல் வைத்த இடத்தைப் பார்த்தேன்.
மறுசீரமைப்பு.
கம்பெனி கைமாறுகிறது, நல்ல விலைக்கு.
லைன் தெற்கே போகிறது, இயந்திரங்களோடு.
ஆட்களைப் பற்றி அரை வரி.
மெத்தென்ற ஒரு போலிஷ் சொல்லைத் தேடிக் கொடுத்தேன்.
அம்மா அதை அடித்துவிட்டு
'வேலை இல்லை' என்று எழுதினாள்.
"போகுமிலாவுக்குக் கண்ணாடி போட்டாலும்
நீளச் சொல் ஓடாது."
பேனாவை மூடிவிட்டுப் பல் துலக்கப் போனாள்.

குழாயில் தண்ணீர் விழும் சத்தம்.
போர்வைக்குள் போனைத் திறந்தேன்.
கையிலிருந்ததையெல்லாம் விற்று
அந்தக் கம்பெனியை வாங்கு,
காலையில் சந்தை திறந்ததும் வாங்கு என்று சொல்லி வைத்தேன்.
அவள் வாய் கொப்புளிப்பதற்குள் முடிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை சூரியன் திரும்பும் நாள்.
இரண்டு மாதம் மலைக்குப் பின்னால் கிடந்துவிட்டு
பன்னிரண்டரைக்கு வந்து நான்கு நிமிடம் நிற்கும்.
பள்ளியே வெளியில், கையில் சர்க்கரை தூவிய பான்கேக்.
எல்லோரும் மலை இடுக்கைப் பார்க்க
பார்தூர் மட்டும் போனைப் பார்த்தான்.
"முப்பத்தொன்று! கிங்கா, முப்பத்தொரு சதவீதம்!"
என்னைத் தூக்கிச் சுற்றினான்.
சுற்றும்போது தெரிந்தது
டீச்சர், கொடிக்கம்பம், வெளிச்சம்,
கீழே தொழிற்சாலை வாசலில்
நீல ஏப்ரனோடு வந்து நின்றவர்கள்.
சூரியனைப் பார்க்க வந்தவர்கள் என்றுதான்
மற்றவர்கள் நினைத்திருப்பார்கள்.
நான் இறக்கிவிடு என்று சொன்னேன்.
இன்னொரு சுற்று சுற்றினான்.

மூன்றாம் இடம்.
பரிசு மட்டும் நிஜப் பணம், தலைக்கு இருபதாயிரம்.
வாங்குமுன் ஒரு படிவம் நிரப்ப வேண்டும்:
உங்கள் அணியின் சிறந்த முடிவு எது,
ஏன் எடுத்தீர்கள், ஐம்பது சொற்களுக்குள்.
ஹ்ராப்ன்ஹில்டூர் அதை என் பக்கம் தள்ளினாள்.
"நீதானே வாங்கினாய்."

அம்மாவும் கேட்டாள்,
கையைத் துடைத்துவிட்டுச் சான்றிதழை வாங்கி:
"எதை வாங்கி ஜெயித்தீர்கள்?"
"விமானக் கம்பெனி."
"எரிமலை புகைந்ததே?"
"அதற்கப்புறம்" என்றேன்.
தலையாட்டினாள். வேறெதுவும் கேட்கவில்லை.
கேட்காமல் இருக்கத் தெரிந்தவள்.

படிவத்தில் எழுதினேன்
மீன் விலை, குவோட்டா, மூன்று மாத வரைபடம்,
பொறுமை என்றுகூட ஒரு சொல்.
முடித்துவிட்டு எண்ணினேன், நாற்பத்துமூன்று.
இன்னும் ஏழு சொற்களுக்கு
இடம் இருந்தது.