இருநூற்றுப் பதினான்காவது சென்டிமீட்டர்

நான் தும்மினேன்.
அவ்வளவுதான் நடந்தது.
அரை நாளாகப் பொறுக்கிச் சேர்த்த இருபது ஓடுகளும்
ப்ரேமன் நகரத்து ஜனவரிக்குள் பறந்துபோயின.

ஓடு என்றதும் பெரிதாக நினைக்காதீர்கள்.
ரவையில் பாதி.
ஒற்றைச் செல்லாக ஒரு மாதம் மிதந்து,
கடலிடம் கொஞ்சம் சுண்ணாம்பு கடன் வாங்கி,
அறைமேல் அறையாகச் சுருட்டி வீடு கட்டி,
செத்ததும் வீட்டை மட்டும் கீழே அனுப்பும்,
இரண்டாயிரம் மீட்டர், அவசரமேயில்லாமல்.

வாழ்ந்த நீர் குளிர்ந்திருந்தால்
சுவரில் கனத்த ஆக்சிஜன் கூடியிருக்கும்.
துருவத்தில் பனி பெருகியிருந்தாலும் கூடியிருக்கும்.
எது எதனால் என்று பிரிக்க மெக்னீசியத்தைக் கேட்க வேண்டும்.
அதுவும் சில நேரம் பொய் சொல்லும்.
அமிலத்தில் கரைத்தால் வாயு,
வாயுவை நிறுத்தால் எண்,
எண்ணைத் திருப்பினால் வெப்பநிலை.
குடியிருந்தவர் குளிரில் நடுங்கினாரா என்று அறிய
வீட்டை இடித்தாக வேண்டும்.

பதினேழு வருடமாக இதுதான் வேலை.
மூன்று மயிர்த் தூரிகை.
பாதுகாப்பு அதிகாரி பார்க்காதபோது
நுனியை நாக்கில் நனைத்துக்கொள்வேன்.
எடுப்பது இடம்புரிகளை மட்டும்:
குளிர்நீர்க்காரி இடப்பக்கம் சுருளுவாள்,
வெதுவெதுப்பு தேடும் அவள் ஒன்றுவிட்ட தங்கை
வலப்பக்கம்.

நான்கு டிகிரிக் கிடங்கில் ஃபோல்கெர்ட்
குல்லாயைக் கழற்றாமலே சொன்னார்:
"உன் பாதியில் அந்த இடம் தீர்ந்துவிட்டது, ஹில்கே."

கடலடிச் சேற்றுத் தூண் எதுவானாலும்
நீளவாக்கில் இரண்டாக அறுப்போம்.
ஒரு பாதி எங்களுக்கு.
மறுபாதி இன்னும் பிறக்காதவர்களுக்கு,
அவர்கள் கண்டுபிடிக்கப்போகும் கருவிகளுக்கு.

"தும்மலுக்கு அதில் பங்கு கிடையாது."

இங்கே யாராவது தும்மினால்
ஆரோக்கியம் என்று வாழ்த்துவது வழக்கம்.
அதையும் அவர் சொல்லவில்லை.

அட்டவணையில் எழுதினேன்: மாதிரி இல்லை.
ஆய்வுத் தலைவர் ஓக்கெ
இருநூற்றுப் பதின்மூன்றிலிருந்து பதினைந்துக்கு
கோட்டை நேராக இழுத்துவிட்டார்.
"போனால் போகிறது, அறுபது வருடம்தானே."

அறுபது வருடம்.
என் வயதைவிட ஏழு கூடுதல்.
வரைபடத்தில் அது
என் கட்டைவிரல் நகத்தின் ஓரத்தைவிட மெல்லியது.
கருத்தரங்கில் எல்லோரும் அதைத் தாண்டிப்போனார்கள்,
பாலத்தில் ஒரு பலகை மாற்றியிருப்பது தெரியாமல்
தாண்டிப்போவதுபோல.

ஏப்ரலில் நுண்ணோக்கியைத் துடைத்தேன்.
திருகின் பின்னால், எண்ணெய்ப் பிசுக்கில், ஒன்று.

வலம்புரி.

ஒரு கரண்டிச் சேற்றில் நூறு இடம்புரிக்கு நடுவே
எப்போதாவது ஒன்று கண்ணில் படும்.
புழு மேலடுக்கிலிருந்து இழுத்து வந்திருக்கலாம்;
புழுக்களுக்கு நூற்றாண்டுகள்மேல் மரியாதை கிடையாது.
வேறு யாருடைய தட்டிலிருந்தோ,
வேறு எந்தக் கடலிலிருந்தோ சிந்தியிருக்கலாம்.
அல்லது அந்த அறுபது குளிரில்
ஒரேயொரு செப்டம்பர் மட்டும்
தெற்கிலிருந்து ஒரு வெந்நீர் நாக்கு நீண்டு
அந்த இடத்தை நக்கிவிட்டுத் திரும்பியிருக்கலாம்.

ஓக்கெயிடம் காட்டினேன்.
கண்ணை லென்ஸிலிருந்து எடுக்காமலே
வெகுநேரம் இருந்தார்.
"ஒன்று சாட்சியாகாது" என்றார் கடைசியில்.
சரிதான். மாணவர்களுக்கு
அதையே நானும் சொல்லியிருக்கிறேன்.

அமிலத்தில் போடவில்லை.
கறுப்பு அட்டையில் எண்ணில்லாத கட்டத்தில் ஒட்டி
பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு
இழுப்பறையில் வைத்தேன்.

வேஸர் ஆற்றுப் பாலத்தில்
கையுறை இல்லாமல் சைக்கிள் மிதித்தபோது
விரல்கள் விறைத்துப்போயின.
ஏப்ரலுக்கு இந்தக் குளிர் அதிகம்.
இந்த மாலை
யாருடைய கோட்டிலும் வராது.