எதிர்ப்பதிவு

ஏரியின் ஓரம் உறையத் தொடங்கிய வாரம்,
துலூத் நகரம், புதன் இரவு வகுப்பு.
முதுகலைக் கணக்கியல், மூன்றாம் பருவம்.
பற்றும் வரவும் இருபது வருடமாய் என் விரல் நுனியில்;
நிரல் எழுதத்தான் வராது.
'லூப்' எனக்குப் புரிந்தது வகுப்பில் இல்லை,
சலவைக் கடையில்:
காசு உள்ளவரை சுற்று,
தீர்ந்தால் நில்.

பகலில் நான்
வீடுகளுக்குச் சூடேற்றும் எண்ணெய் விற்கும் நிறுவனத்தில்
வாராக்கடன் மேசை.
இறுதித் திட்டத்துக்கென்று முதலாளி
பதினோரு ஆண்டுப் பேரேட்டைத் தந்தார்,
வாடிக்கையாளர் பெயர்களை எண்களாக்கி.
நாலு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் வரிகள்.
என் ஜோடி தோ வாங், இருபத்தாறு வயது,
பல் மருத்துவமனையில் பில் போடுபவன்,
உருளை வறுவலைக் குச்சியால் எடுத்துத் தின்பான்,
விசைப்பலகையில் எண்ணெய் படக்கூடாதாம்.

நாங்கள் எழுதிய விதி எளியது:
மேலாளர் கையெழுத்து வேண்டாத வரம்பு
ஐம்பது டாலர்.
அதற்கு ஒரு டாலர் கீழே, நிழலில்
ஒதுங்கி நிற்கிற தொகைகளைத் தேடு.
திரும்பத் திரும்ப வருகிறதா,
அதே கையா, பார்.

பதினோரு மணிக்கு ஓட விட்டோம்.
தோ வாங் தண்ணீர் குடித்து வருவதற்குள்
முடித்துவிட்டது.

முதல் சிவப்பு:
கிடங்கில் ஒருவன். டயர், டயர், டயர்,
நாற்பத்தொன்பது இருபத்தைந்து.
எங்கள் லாரிகளுக்கு ஏது அத்தனை சக்கரம்?
கைதட்டினோம்.

அடுத்த சிவப்பு:
வாடிக்கையாளர் 7031.
ஒவ்வொரு ஜனவரியும்
நாற்பத்தொன்பது டாலர் ஐம்பது சென்ட்
தள்ளுபடி.
பதினோரு ஜனவரி.
பதிந்தவர்: எம்.எச்.

"கெட்டிக்காரக் கள்ளன்" என்றான் தோ வாங்.
மார்லிஸ் ஹல்வர்சன் என்று
என் கழுத்தில் தொங்கிய அட்டையை
மெல்லத் திருப்பிக்கொண்டேன்.
அதற்குள் அவன் படித்துவிட்டிருந்தான்.

7031க்கு ஒரு பெயர் உண்டு, ஐனோ கோர்பி.
மலைச்சரிவின் கடைசி வீடு.
தாதுக் கப்பல்களில் வெல்டராய் இருந்தவர்,
நுரையீரல் பாதி.
அவர் கேட்டதில்லை. ஒருமுறைகூட.
நான்தான் தொலைபேசியில்
இருமலை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"ஒரு டாலரை அரை டாலருக்குள் குறுக்கு,
நீ தப்பிவிடுவாய்."
தப்பலாம்.
என்னோடு டயரும் உருண்டு போய்விடும்.

எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது என்பார்கள்.
நானோ எழுதித் தொலைத்திருக்கிறேன்,
அதுவும் முதலெழுத்துப் போட்டு.

விதி அப்படியே இருந்தது.
திங்கள் காலை
ஐந்நூற்று நாற்பத்து நாலு டாலர் ஐம்பது சென்ட்
என் காசோலையாய் முதலாளி மேசையில்.
அவர் கண்ணாடியைக் கழற்றினார், திரும்பப் போட்டார்.
"கோர்பியா? இன்னும் இருக்கிறாரா?"
வேறொன்றும் சொல்லவில்லை, இன்றுவரை.
காசோலையும் வங்கிக்குப் போய்விட்டது.

மறுபடி நிரலை ஓட்டினோம்.
பதினோரு வரியும் சிவப்பாகவே நின்றன.
எனக்குத் தெரிந்ததுதான்,
புதியவர்களுக்கு நானே சொல்லிக் கொடுத்ததுதான்:
பேரேட்டில் அழிப்பான் கிடையாது,
எதிர்ப்பதிவு மட்டுமே உண்டு.
செய்ததும் இருக்கும்,
திருத்தியதும் இருக்கும்,
பக்கத்துப் பக்கத்தில்,
பேசிக்கொள்ளாத அண்டை வீட்டார் போல.

அறிக்கையில் 'காரணம்' என்றொரு கட்டம்.
எண்பது எழுத்துக்குள் அடங்க வேண்டும்.
டயருக்கு எண்பதும் போதாமல்
தோ வாங் சுருக்கிக் கொண்டிருந்தான்.
என் வரிசையில்
'குளிர்' என்று அடித்துவிட்டு
வேறென்ன என்று யோசித்தேன்.
சுட்டி விட்டுவிட்டு மின்னியது.

வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பன்னிரண்டு.
ஜனவரிக்கு இன்னும் பதினாறு நாள்.