பதினேழாவது முறை

என்னிடம் அவர்கள் கேட்டது ஒரே கேள்வி:
வீடியோவில் இருக்கும் தேதி சரிதானா?
சரி என்றேன்.
துலூத் நகரத்துச் சிறுவழக்கு மன்றத்தில்
ஹீட்டர் முனகிக்கொண்டிருந்தது.
வலது கையை உயர்த்தி
உண்மையே சொல்வேன் என்றிருந்தேன்.
தேதி உண்மைதான்.

எத்தனையாவது முறை எடுத்தது என்று
யாரும் கேட்கவில்லை.

'குட்டிகளைத் தங்கவைத்துப் பழக்கித் தரப்படும்':
ஸ்ட்ராவுட்டின் பண்ணை வாசலில் பலகை.
நாலு வாரம், இரண்டாயிரத்து எண்ணூறு டாலர்.
உட்கார். இரு. வா. விடு.
இந்த நாலு சொல்லுக்குத்தான் ரசீது.
நான் கூண்டு கழுவுகிறவள்,
குழாய் உறைந்துபோனால் வாளியில் வெந்நீர்.
படம் பிடிப்பதும் நான்தான்,
அங்கே என் போன் மட்டும் புதுசு.

நிக்கல் வந்தபோது
ஒரு காது நிமிர்ந்திருந்தது, மற்றது
இன்னும் முடிவெடுக்கவில்லை.
முதல் இரவு அழுதான். இரண்டாம் இரவும்.
மூன்றாம் இரவு என் கோட்டைக் கழற்றி
உள்ளே போட்டேன்.
அது பாடத்திட்டத்தில் இல்லை.

வெள்ளிதோறும் ஒரு வீடியோ போயாகவேண்டும்.
மூன்றாம் வெள்ளி
பதினாறு முறை எழுந்து ஓடினான்
ஒரு தடவை காகத்தின் பின்னால்,
ஒரு தடவை தன் வாலின் பின்னால்,
மற்றபடி காரணமே இல்லாமல்.
பதினாறையும் அழித்தேன்.
பதினேழாவதில் உட்கார்ந்தான்,
பள்ளிக்கூடப் போட்டோவுக்குத் தலைவாரிய பையன்போல,
கண் கொட்டாமல்.

லோர்னா பெக்ஸ்ட்ரோம் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள்.
பிள்ளைகள் ஏறுமுன், இருட்டில்,
அந்தப் பதினொரு நொடியை
நாற்பது தடவை பார்த்தாளாம்.
'என்னைத்தான் பார்த்தான்' என்று
நீதிபதியிடம் சொல்லும்போது குரல் கம்மியது.

அவன் பார்த்தது என் இடது கையை.
மூடிய விரல்களுக்குள் ஈரல் துண்டு.

வீட்டுக்குப் போன முதல் நாளே
கம்பளத்தை நனைத்தான், பூட்ஸைக் கடித்தான்.
'அதையெல்லாம் பொறுத்துக்கொள்வேன்' என்றாள்,
'சாவி விழுகிற சத்தம் கேட்டால்
மேசைக்கடியில் போய் நடுங்குகிறான்.
முன்பு இப்படி இல்லை.'
'வீட்டுப்பாடம் நீங்கள் செய்யவில்லை' என்றார் ஸ்ட்ராவுட்,
'தினம் இருபது நிமிடம். தாளில் எழுதித் தந்தேன்.'
'எந்தத் தாள்?'
'அவன் தின்றிருப்பான்.'
பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

ஸ்ட்ராவுட் கெட்டவர் இல்லை.
அதையும் யாரும் கேட்கவில்லை.
அந்த மாதம் பதினோரு நாய்கள்,
நின்றபடியே சூப் குடித்துவிட்டு ஓடுவார்.
சொல் கேட்காதபோது
சாவிக்கொத்தைச் சுவரில் எறிவார்.
நாயின்மேல் இல்லை.
ஒருபோதும் நாயின்மேல் இல்லை.
சொல்லத் தயாராகத்தான் வந்திருந்தேன்.
கேட்டது தேதி.

பாதிப் பணத்தைத் திருப்பித் தரச் சொல்லித் தீர்ப்பு.
இரண்டு பேரும் தோற்ற முகத்தோடு
பொத்தான் போட்டுக்கொண்டார்கள்.

வெளியே ஏரிக்காற்று காதை அறுத்தது.
லோர்னா கார்க் கதவைத் திறந்ததும்
கையுறையிலிருந்து வார் நழுவ,
சேற்றுப் பனியில் சறுக்கிக்கொண்டு
நேராக என்னிடம் வந்தான்.
குளிருக்கு இறுக்கி மூடியிருந்தேன் கைகளை.
இடது கையின் முன்னால்
உட்கார்ந்தான்.
ஒரு லாரி போனது. ஒரு காகமும்.
அசையவில்லை.

'பார்த்தீர்களா!' என்றார் ஸ்ட்ராவுட்.
'பார்த்தீர்களா!' என்றாள் லோர்னா.
ஒரே மூச்சு, ஒரே சொல்,
இரண்டு வழக்கு.

கையை விரித்துக் காட்டினேன். ஒன்றுமில்லை.
அப்படியும் அவன் எழுந்திருக்கவில்லை.
எழுந்திரு என்பது
அந்த நாலு சொல்லில் இல்லை.

போகலாம் என்று ஸ்ட்ராவுட்
வண்டிச் சாவிக்காகப் பைக்குள் கைவிட்டார்.
'சத்தம் வராமல் எடுங்கள்' என்றேன்.
அன்றைக்கு நான் சொன்ன
இரண்டாவது உண்மை அது.

லோர்னா திரும்பிப் பார்த்தாள்.