எடைச்சீட்டு

கங்கைகொண்டானுக்குக் கிழக்கே
யுத்தத்துக்கென்று போட்டு
சண்டை வராமலே போன ஓடுபாதை.
விரிசலிலெல்லாம் ஆவாரை.
அங்கேதான் பதினோரு வருஷம்
ஒன்பது பேர் உட்காரும் ஒற்றை விமானத்தை வைத்து
பொருநை ஏர்வேஸ் நடந்தது.
முதலாளி ஆறுமுகநயினார் முன்னே லாரி வைத்திருந்தவர்,
விமானத்தையும் வண்டி என்றுதான் சொல்லுவார்.

என் வேலை தராசு.
மொத்தம் எழுநூறு தாண்டினால் ஒருத்தர் இறங்கணும்.
"ஏட்டி சொர்ணத்தாய், நான் என்ன பருத்தி மூடையா?"
கேட்டுக்கொண்டே ஏறுவார்கள்.
பெண்கள் சேலை நுனியைத் தூக்கிப் பிடிப்பார்கள்,
அது கணக்கில் சேராது என்பதுபோல.
தராசும் நானும் கூடவே பறப்போம்.
தராசு தன்னைத் தானே நிறுக்க முடியாது.
அதற்கு மட்டும் மெக்கானிக் மைதீன் பிச்சை
தூக்கிப் பார்த்துச் சொன்ன எண்ணை எழுதினேன்.

திங்கள், வியாழன் மேற்கே, கோரைமுடி எஸ்டேட்.
பஸ் ஏற ஏழு மணி நேரம், மழையில் ஏறவே ஏறாது.
எங்களுக்குப் பதினெட்டு நிமிஷம்.
தேயிலைச் சரிவை வெட்டிய புல்தரையில்
மேட்டைப் பார்த்து இறங்கணும்,
பள்ளத்தைப் பார்த்து ஏறணும்.
செவ்வாய், சனி தெற்கே
தேரி மணலைத் தாண்டி முத்தன்துறை.
அங்கே காலையில் இருந்த பாதை
சாயங்காலம் பத்தடி தள்ளிக் கிடக்கும்.
சம்பளப் பை, தபால், தடுப்பூசி ஐஸ்பெட்டி போகும்.
கருவாடு, ஏலக்காய், பிரசவ வலி வரும்.
ஏலக்காயும் கருவாடும் ஒரே நாளில் ஏறாமல் பார்த்துக்கொண்டது தவிர
நிர்வாகம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை.

ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று
வண்டியைப் பக்கவாட்டில் நடத்திக் கூட்டிப்போகும்.
"நண்டு மாதிரி வாரேன்"
என்பார் கேப்டன் தேவசகாயம், வயர்லெஸ்ஸில்.

ஓடுபாதை முடிவில் ஏழு பனை.
ஏழாவதுக்குக் கிட்டே வந்துதான்
சக்கரம் தரையை விடும், எந்நாளும்.
"எடை சரியாத்தான் போட்டியா?"
"சரிதான் சார்."
"அப்போ எஞ்சின்லதான் என்னமோ."
மைதீன் பிச்சை பிரித்து மாட்டினார்.
மறுபடி பிரித்து மாட்டினார்.
நோன்பு நாளில் தகரக் கொட்டகைக்குள், எச்சில் விழுங்காமல்.
எஞ்சின் மேல் குறையில்லை என்றதை
யாரும் நம்பவில்லை.

ஆறு ஊருக்குள் புகுந்த கார்த்திகையில்
கோரைமுடியில் வண்டி நிறைய ஆள்.
கடைசியாகத் தூக்கி வந்தார்கள் குருவம்மாளை,
பனிக்குடம் உடைந்து.
நானும் தராசும் இறங்கினோம்.
அவள் ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.
நான் நாலு நாள் லயன் வீட்டில்.

சும்மா கிடந்த தராசில்
கொழுந்து பறிக்கிறவர்கள் கூடையை ஏற்றினார்கள்,
கங்காணி திருடுவதைக் கையோடு பிடிக்க.
ஒவ்வொரு கூடையும் கங்காணி சொன்னதைவிடக்
குறைவாகத்தான் காட்டியது.
"எக்கா, எங்க கங்காணியே பரவாயில்ல,
ஒன் தராசுல்லா கள்ளத் தராசு!"
லயனே சிரித்தது.
எனக்கு மூக்கு வரை கோபம்.
கீழே வந்து யாரிடமும் சொல்லவில்லை.
மறந்துபோனேன் என்று சொன்னால்
அது பொய்.

மலைக்குத் தார்ச்சாலை வந்த மறுவருஷம்
கம்பெனியை மூடினார்கள்.
வண்டியை யாரோ பம்பாய்க்காரர் வாங்கினார்,
தராசை வள்ளியூர்க் கருப்பட்டி வியாபாரி.
முத்திரை போட வந்த இன்ஸ்பெக்டர்
படிக்கல்லை வைத்துப் பார்த்து
மூன்று கிலோ குறைவு என்று சீட்டு எழுதினாராம்.

ஒரு ஏற்றத்துக்கு மூன்று.
ஒரு நடைக்கு ஒன்பது ஆள், பையும் பெட்டியும் தனி.
பெருக்கிப் பார்த்துவிட்டு
தண்ணீர் குடித்தேன்.

மேலப்பாளையத்துக்குப் போய்ச் சொன்னேன்.
மைதீன் பிச்சை ஸ்கூட்டர் ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்தார்.
கோபப்படுவார் என்று நினைத்தேன்.
கையைத் துடைத்தார்.
வீட்டுக்குள் பார்த்து, சத்தமாக,
எனக்கு இல்லை, யாருக்கோ சொல்கிறமாதிரி:
"கேட்டியா?
எஞ்சின் மேல குத்தமில்ல."