நிலைக்கால்

காரைக்குடி, முனீசுவரன் கோயில் தெரு.
விலைக்கு வந்த பர்மாத் தேக்கு நிலையில்
உப்புத்தாள் போடுமுன் பார்த்தேன்,
பென்சில் கோடுகள்.
அடைக்கப்பன், எட்டு வயசு, முப்பத்தெட்டு.
ஒன்பது வயசு, மூன்று விரற்கடை மேலே.
கோட்டுக்குக் கோடு
ரங்கூன் அரிசி ஏறியிருக்கிறது.
நாற்பத்திரண்டில் கப்பல் நின்றது;
அந்த வருசத்துக் கோடும் அடுத்ததும்
ஒன்றன்மேல் ஒன்று கிடந்தன.

திருப்பிப் போட்டேன்.
அடுப்படிப் பக்கம் கரிக்கோடு,
கோணல் எழுத்து. அடைக்கப்பனே
அளந்திருக்க வேண்டும்.
வெள்ளைக்கண்ணு, அவனுக்கும் எட்டு.
முன்பக்கத்துக் கோட்டில்
தோளுக்குத்தான் வருவான்.
கப்பல் வந்த வருசங்களிலும்
இவன் நகம் அளவே நகர்ந்திருக்கிறான்.
நாற்பத்து மூன்றோடு கரி நின்றுவிட்டது.

வாங்க வந்தவர் உயரம் கேட்டார்.
ஏழடி என்றேன்.
"குனியாம நுழையலாம்ல?"

தாராளமாக.