மூன்று கிலோ வெள்ளம்

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குப் பக்கத்தில்
செருப்புக்கடைக்கு மேலே இரண்டாம் மாடி.
லிஃப்ட் கதவில் ‘பழுது’ என்று தொங்கவிட்ட அட்டை
தொங்கித் தொங்கி
அதுவும் பழுதாகிவிட்டது.
செவ்வாயும் வெள்ளியும் காலை ஆறரைக்கு
முப்பத்தெட்டுப் படி.

கல்லூரிப் பளுதூக்கும் அணியில் நாங்கள் நாலு பேர்:
ஆன்சி, சுபிலா, ஷெர்லின் ஜெபா, நான்.
நாற்பது மணி நேரம் சேவை செய்தால்தான்
கட்டணத்தில் பாதி தள்ளுபடி.
மரம் நடுவதற்கு எல்லா அணியும் பேர் கொடுத்தாயிற்று.
“தூக்கத்தானே தெரியும், போய்த் தூக்குங்க”
என்றார் கோச்.

இரும்பு நேர்மையானது.
எவ்வளவு என்று தட்டிலேயே எழுதியிருக்கும்.
மனுசரிடம் முதலில் கேட்க வேண்டும்,
எங்கே பிடிக்கட்டும் என்று.

“இந்தக் கையைத் தொடாதே மக்கா”
என்றார் ரெஜினாள் அக்கா, முதல் நாள்.
இடது முழங்கைக்கு மேல்
தோலுக்கடியில் ஒரு பூனை படுத்து உறுமுவதுபோல
ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது.
களியலில் ரப்பர் வெட்டுகிறவர்.
விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு
முந்நூறு மரம்.
இப்போது மூன்று படி ஏறினால் மூச்சு நிற்கிறது.

முதுகில் ஏற்றினேன்.
பதினாறாம் படியில் சுவர் திரும்பும்;
அங்கே அவர் தலையைக் குனிந்துகொள்வார்,
என் காதில் மூச்சு சுடும்.
மேலே நர்ஸ் எடைமேடையில் நிறுத்துமுன் சொன்னேன்:
“ஐம்பத்தி நாலு.”
முள் ஐம்பத்தி நாலைத் தாண்டி
நூல் அளவு ஆடி நின்றது.

நாலு மணி நேரம் கழித்து
அதே முதுகில் இறங்கும்போது
ஐம்பத்தி ஒன்று.
எங்கள் பக்கம் குடிக்கிற தண்ணீருக்குப் பேரே
வெள்ளம்தான்.
அக்காவுக்கு ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் வெள்ளம்,
அதற்கு மேல் குடித்தால்
உடம்புக்குள்ளே வெள்ளம்.

போட்டிக்கு முந்தின இரவுகளில்
நானும் குடிப்பதில்லை.
ஐம்பத்தைந்துக்குள் நிற்க வேண்டும் என்று
ஸ்வெட்டர் போட்டு ஓடி, வாயில் ஊறியதையும் துப்பி,
காலையில் குழாய் சொட்டுவதைப்
பார்க்காமல் பல் தேய்த்திருக்கிறேன்.
அதைச் சொன்னதும்
படி நடுவில் அக்கா சிரித்த சிரிப்பில்
இரண்டு பேரும் விழப் பார்த்தோம்.
“உனக்கென்ன கேடு? உன் சிறுநீரகம் நல்லாத்தானே இருக்கு?”

ஐஸ்கட்டி சங்கதியைச் சொல்லிக்கொடுத்தேன்.
உனக்குள்ள வெள்ளத்தை உறையவைத்து
ஒவ்வொன்றாய் ஊறப்போடு,
கணக்கும் தப்பாது நாக்கும் நனையும்.
அடுத்த வெள்ளி ஐம்பத்திமூன்றரை.
அதற்கடுத்த செவ்வாய் ஐம்பத்தாறு:
சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம், பாயசம்.
தூக்கியதுமே தெரிந்தது, சொல்லவில்லை.

நாற்பது மணி நேரம் ஆவணியில் முடிந்தது.
கையெழுத்துப் போட்ட தாளை ஆபீசில் கொடுத்தோம்.
செவ்வாய் ஆறரைக்கு
நாலு பேரும் செருப்புக்கடை வாசலில்
ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

பல்கலைக்கழகப் போட்டியில்
ஒரு கிலோவில் நாலாவது இடம்.
அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

போன வாரம் லிஃப்ட் சரியானது.
உள்ளே புதுக் கண்ணாடி, காற்றாடி,
எட்டுப் பேர் ஐந்நூற்று நாற்பத்து நாலு கிலோ என்று
பளபளக்கும் தகடு.
அக்கா, அவர் மகன் விஜில், நாங்கள் நாலு பேர்.
கதவு மூடியதும் யாருக்கும்
கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

“இன்னைக்கு எவ்வளவு, சொல்லு பார்ப்போம்.”

பார்த்துச் சொல்லத் தெரியாது எனக்கு.
முட்டி மடக்கினேன்.
இடது கையை விட்டு,
இடுப்பைப் பிடித்து, தரையிலிருந்து
ஒரு விரற்கடை.

“ஐம்பத்தைந்து. பொய் சொன்னா தெரியும்.”

“மோர்” என்றார் அக்கா,
கண்ணாடியில் என்னைப் பார்க்காமல்.