அழுத்தம் பன்னிரண்டு

சோஹார் சுத்திகரிப்பு ஆலையில் பதினோரு வருஷம்
குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்ப்பது என் வேலை.
விரல் தடிமன் கேபிள், நுனியில் விளக்கு.
வெல்டிங்கில் மயிரிழை விரிசல் இருந்தாலும்
திரையில் தொட்டுக் காட்டுவேன்: இங்கே.

மஸ்கட்டில் டாக்டர் ஷம்ஸா
ஸ்கேன் படத்தில் தொட்டுக் காட்டினார்: இங்கே.
கணையத்தின் வாலில், மூன்றரை சென்டிமீட்டர்.
எனக்கொரு வால் இருப்பது
நாற்பத்தாறு வயதில்தான் தெரிந்தது.

கைப்பட்டையைப் படித்த தக்கலை நர்ஸ்
"பேரு இருதயராஜ், கோளாறு கணையத்துலயா?" என்றாள்.
சிரித்தேன். முதுகுவரை வலித்தது.

வயிற்றைத் திறக்க மாட்டார்களாம். நாலு துளை.
முதலில் வாயு நிரப்பி உப்பவைப்பார்களாம்.
என்ன வாயு என்றேன். கார்பன் டை ஆக்ஸைடு.
எவ்வளவு அழுத்தம்?
டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.
"பாதரசக் கணக்கில் பன்னிரண்டு.
இதுவரை யாரும் கேட்டதில்லை."
நாங்கள் கேட்போம், டாக்டர்.
அழுத்தம் தெரியாமல் எந்த மூடியையும் தொடமாட்டோம்.

ஒப்புதல் படிவம்.
தேவைப்பட்டால் மண்ணீரலையும் எடுக்கலாம்,
தேவைப்பட்டால் பெரிதாகவே திறக்கலாம்.
தினமும் பர்மிட்டில் போடும் அதே கையெழுத்துதான்.
கடைசிச் சுழி மட்டும் வரவில்லை.

ஐந்து மணி நேரம் நான் எங்கேயும் இல்லை.

விழித்தபோது வலித்தது வயிறல்ல, வலது தோள்.
மிச்ச வாயுவின் வேலையாம்.
லைனை முழுசாகக் காலிசெய்யவில்லை என்று
எழுதிக் கொடுத்திருப்பேன், அறிக்கை என்னுடையதானால்.

செலின் வீடியோவில் வந்தாள். காட்டுங்க என்றாள்.
சட்டையைத் தூக்கினேன்.
நாலு பிளாஸ்திரி; கீழே விரல் நீளத்தில் இன்னொன்று,
பைக்குள் போட்டு அதை இழுத்தெடுத்த வழி.
"இம்புட்டுதானா?"
அவள் பயந்த பயத்துக்கு இது போதவில்லை போல.
ஃபோனை மடியில் கவிழ்த்தாள்.
திரை இருட்டியது. சத்தம் மட்டும் வந்தது.

பதிவைப் பார்க்கக் கேட்டேன். நாற்பது நொடி காட்டினார்கள்.
மஞ்சள் கொழுப்பு, ஈர வெளிச்சம், ஓரத்தில் ஒரு நாளம்.
எந்தக் குழாயிலும் நான் பார்க்காதது அது:
பார்க்கப் பார்க்கச் சுவர் துடிக்கிறது.

ஆய்வக முடிவுக்கு இன்னும் ஒன்பது நாள்.
செலினிடம் காட்டாத ஒரு குழாய்
இடுப்பிலிருந்து இறங்கிப் பைக்குள் சொட்டுகிறது.
நர்ஸ் வருமுன்பே அளவைக் குறித்து வைக்கிறேன்,
மணி, மில்லி, நிறம்.
கசிவு என்றால் எழுதித்தானே ஆகவேண்டும்.